சை.டி. இந்த ஆண்டா, பிஎச்.டி. காத்திருந்தா?

மார்ச் கடைசியில் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, ஒரு இடத்துல கிடைச்சிருச்சு. இன்னொண்ணுல வெயிட்லிஸ்ட். ஏப்ரல் 15-க்குள்ள சொல்லணும். நான் என்ன பண்ணட்டும்?"

கிடைத்திருந்தது கிளினிக்கல் சைக்காலஜியில் (மனநலச் சிகிச்சை சார்ந்த உளவியல்) சை.டி. (Psy.D.) பட்டத்துக்கான இடம். சிகிச்சைத் தொழிலுக்கென்றே இருக்கும் டாக்டர் பட்டம் அது. தனியார் பள்ளி, ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர், நிதி உதவி ஏதும் கிடையாது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி.; கட்டணம் முழுவதும் தள்ளுபடி, மாதாமாதம் ஸ்டைப்பெண்ட் என்ற உதவித்தொகை. பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்ததில் மற்ற ஒன்பதும் கையை விரித்துவிட்டன.

அமெரிக்காவில் இதே படிப்பைப் படித்து இதே தொழிலில் இருப்பவள் நான். ஏப்ரல் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். அவளிடம் இரண்டு இரவுகள் பேசியதை இங்கே கோத்து எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்: முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்ட வேண்டிய டாக்டர் பட்டத்தை, மற்ற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அது சை.டி.யா பிஎச்.டி.யா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இரண்டு பட்டங்களும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மனநலச் சிகிச்சை தர ஆள் போதவில்லை. முன்னாள் படைவீரர் நிர்வாகம் உளவியலாளர்களை உருவாக்கப் பணம் கொடுத்தது. அந்தச் சூழலில் 1949-ல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று முடிவு செய்தது. பிஎச்.டி. திட்டங்கள் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆனால் வாழ்நாள் முழுக்க நோயாளிகளோடு இருக்கப்போகிற ஒருவரைப் பேராசிரியராக்கும் பயிற்சியில் ஏன் நிறுத்திவைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். 1968-ல் இல்லினாய் பல்கலைக்கழகம் முதல் சை.டி. திட்டத்தைத் தொடங்கியது. 1973-ல், அதே கொலராடோவின் வேய்ல் நகரில் நடந்த மாநாடு அந்தப் பாதைக்கு அங்கீகாரம் தந்தது.

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இன்றும் அதில் நான் குறை காணவில்லை. சிக்கல் வேறிடத்தில் வந்தது. பிஎச்.டி. திட்டங்கள் பல்கலைக்கழகத் துறைகளுக்குள் வளர்ந்தன. ஒரு பேராசிரியர் ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ எடுப்பார். அவருடைய ஆராய்ச்சி மானியமோ, மாணவர் வகுப்பெடுப்பதற்குத் துறை தரும் சம்பளமோ செலவைச் சுமக்கும். அதனால்தான் சில நூறு விண்ணப்பங்களுக்கு 5 முதல் 10 இடங்கள். சை.டி. திட்டங்களில் பல, தனித்து நிற்கும் தொழில்முறைப் பள்ளிகளில் வளர்ந்தன. அவற்றின் வருமானமே மாணவர் கட்டும் கட்டணம். எனவே ஒரு ஆண்டுக்குப் பல டஜன் பேரைச் சேர்க்கின்றன. "நம்மள எடுத்துட்டாங்க" என்ற சந்தோஷம் இரண்டிலும் ஒன்றுதான். எடுத்ததற்கான காரணம் வேறு.

படிப்பு முடிந்த பின் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. இரண்டு பட்டத்துக்கும் ஒரே உரிமம், ஒரே ஈ.பி.பி.பி. என்ற உரிமத் தேர்வு: 225 கேள்விகள், அளவுகோலுக்கு மாற்றிய மதிப்பெண்ணில் பெரும்பாலான மாநிலங்களில் 500 எடுத்தால் தேர்ச்சி. இருவருக்கும் ஒரே காப்பீட்டு நிறுவனங்கள்தான் பணம் தருகின்றன. என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் யாரும் நான் எந்தப் பட்டம் வாங்கினேன் என்று இதுவரை கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் நடத்தும் ஆசை இருந்தால் மட்டும் பிஎச்.டி. அநேகமாக அவசியம். சித்தி மகளுக்கு அந்த ஆசை இல்லை. அப்படியானால் சை.டி.யே சரி என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

"சரி, கணக்குப் போடலாம், பேப்பர் எடு" என்றேன்.

ஆண்டுக்கு 40,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 1,60,000. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20,000 மட்டும் கடன் வாங்கினாலும் இன்னும் 80,000. ஐந்தாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பில் சிறிய சம்பளம் வரும், அதை விட்டுவிடுவோம். மொத்தம் 2,40,000 டாலர். பட்டதாரி மாணவர்களுக்கான கூட்டரசுக் கடனின் வட்டி அண்மை ஆண்டுகளில் 8 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 19,200, மாதம் 1,600. இது வட்டி மட்டும். அசலில் ஒரு டாலர்கூட இன்னும் குறையவில்லை. எதிர்ப்பக்கத்தில், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. உரிமம் கைக்கு வரும் முன், பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி வேலையான போஸ்ட்டாக்கில் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. கலிபோர்னியா போன்ற மாநிலத்தில் உரிமத்துக்கு மேற்பார்வையோடு 3,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். பாதியைப் படிக்கும்போதே முடிக்கலாம், மீதி பட்டத்துக்குப் பிறகுதான்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கடன் தள்ளுபடி இருக்குல்ல அக்கா?" என்றாள். இருக்கிறது. அரசு வேலையிலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழு நேரம் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளை முறையாகக் கட்டினால் மிச்சக் கடன் ரத்தாகும். பல உளவியலாளர்கள் அப்படி மீண்டிருக்கிறார்கள். ஆனால் அது கூட்டரசுக் கடனுக்கு மட்டுமே பொருந்தும், தனியார் வங்கிக் கடனுக்குப் பொருந்தாது. இப்போது அந்த இடத்தில்தான் கால் இடறுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பட்டதாரி மாணவர்களுக்கு, படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த கூட்டரசின் கிராட் பிளஸ் கடன் கிடையாது. பொதுவான பட்டமேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 என்பது உச்சவரம்பு. தொழில்முறைப் பட்டம் என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. உங்கள் திட்டம் எந்த வகையில் வருகிறது என்பதை அந்தப் பள்ளியின் நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். உச்சவரம்புக்கு மேலே போகிற ஒவ்வொரு டாலரும் தனியார் கடன்தான்.

பிஎச்.டி.யும் இலவசம் என்று சொல்ல மாட்டேன். ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் பிடிக்கும். ஸ்டைப்பெண்ட் பல ஊர்களில் வாடகைக்கே திணறும். நண்பர்கள் வீடு வாங்கும் வயதில் நீங்கள் இன்னும் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருப்பீர்கள். அந்த வருடங்களில் சம்பாதிக்காமல் விட்டதும் ஒரு செலவுதான். ஆனாலும் அது வட்டி போடாத செலவு.

பட்டத்தின் பெயரை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், நிதி தரும் சை.டி. திட்டங்களும் இருக்கின்றன. பேய்லர் பல்கலைக்கழகத்தின் சை.டி. கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் தருவது. நிதி தராத பிஎச்.டி. திட்டங்களும் உண்டு. பிஎச்.டி. என்ற மூன்றெழுத்தைப் பார்த்து மயங்கி அவற்றில் சேர்ந்து, கடனையும் சுமந்து, ஆய்வேட்டையும் சுமந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பாதைகளின் பாரமும் ஒருவர் தலையிலேயே விழுவது அதுதான்.

அட்டவணையைப் பிரியுங்கள்

அமெரிக்க உளவியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு டாக்டர் பட்டத் திட்டமும் தன் மாணவர்களின் கதியைத் தன் இணையதளத்தில் எண்களாக வெளியிட்டே ஆக வேண்டும். மாணவர் சேர்க்கை, விளைவுகள், பிற தரவுகள் என்ற தலைப்பில் இருக்கும். எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே படிவம். விண்ணப்பிப்பவர்களில் பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். அங்கீகாரமே இல்லாத திட்டமென்றால் அட்டவணை வரை போக வேண்டியதில்லை, அங்கேயே மூடிவிடுங்கள்.

சித்தி மகளும் நானும் இரண்டு திட்டங்களின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதலில் இன்டர்ன்ஷிப். படிப்பின் கடைசியில் ஒரு முழு ஆண்டு, மாணவர்களின் விருப்பத்தையும் பயிற்சி இடங்களின் விருப்பத்தையும் பொருத்திப் பார்க்கும் நாடு தழுவிய மேட்ச் முறையில் இடம் கிடைத்து வேலை செய்தால்தான் பட்டம். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களைவிட இடங்கள் வெகுவாகக் குறைவாக இருந்தன. நல்ல மாணவர்கள் ஓராண்டு காத்துக்கிடந்தார்கள். இப்போது நிலைமை சீராகியிருக்கிறது. அட்டவணையில் இதற்கு இரண்டு வரிகள் இருக்கும். எப்படியோ ஓர் இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் ஒரு வரி. அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் இன்னொரு வரி. விளம்பரத்தில் போடுவது முதல் வரியை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. படைவீரர் மருத்துவமனைகள், பெரிய மருத்துவ மையங்கள் பலவற்றில் அங்கீகாரமில்லாத இன்டர்ன்ஷிப் முடித்தவருக்குப் பிற்பாடு வேலைக் கதவு திறக்காது.

அடுத்து, விட்டுப்போனவர்கள். ஒவ்வொரு ஆண்டு சேர்ந்தவர்களிலும் எத்தனை பேர் பட்டம் வாங்காமலே வெளியேறினார்கள் என்று போட்டிருக்கும். கட்டணம் கட்டும் திட்டத்தில் இந்த எண்ணை இருமுறை பாருங்கள். மூன்றாம் ஆண்டில் வெளியேறுகிறவருக்குக் கடன் மட்டும் மிஞ்சும்.

கடைசியில் உரிமம்: இரண்டிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு முன் பட்டம் வாங்கியவர்களில் எத்தனை சதவீதம் பேர் இன்று உரிமத்தோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு. ஆராய்ச்சிக்குப் போனவர்கள் உரிமம் வாங்காமலே இருக்கலாம் என்பதால் பிஎச்.டி. திட்டத்தில் இது சற்றுக் குறைவாக இருந்தால் நான் பதற மாட்டேன். சிகிச்சையாளரை உருவாக்குவதே எங்கள் வேலை என்று சொல்லும் சை.டி. திட்டத்தில் இது குறைவாக இருந்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும். அவளுக்குக் கிடைத்த பள்ளியில் அங்கீகார இன்டர்ன்ஷிப் வரியும் இந்த வரியும், காத்திருப்பில் இருந்த பல்கலைக்கழகத்தைவிட நன்றாகவே கீழே இருந்தன.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். பள்ளியே நடுவில் மூடப்படலாம். 2019 மார்ச்சில் ஆர்கோசி பல்கலைக்கழகம் படிப்புக் காலத்தின் நடுவிலேயே பல வளாகங்களை மூடியது. அங்கே சை.டி. படித்துக்கொண்டிருந்தவர்கள் ஆய்வேட்டையும் பயிற்சி மணிக்கணக்குகளையும் கையில் வைத்துக்கொண்டு வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். எல்லாத் தனியார் பள்ளிகளும் அப்படி என்று சொல்லவில்லை. கட்டணத்தை மட்டுமே நம்பி நடக்கும் பள்ளி, சேர்க்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

டாக்டர் பட்டமே வேண்டுமா?

இதைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "என்னால முடியாதுன்னு சொல்றீங்களா?" அப்படியில்லை. அவள் விரும்புவது பதின்வயதுப் பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பத்தோடும் உட்கார்ந்து தெரபி செய்வது. அதற்கு இரண்டு ஆண்டு முதுகலைச் சமூகப்பணிப் பட்டமோ, கவுன்சலிங் பட்டமோ, குடும்ப தெரபிப் பட்டமோ போதும். பிறகு மேற்பார்வையில் சில ஆயிரம் மணி நேரம். அதன் பின் தனியாகவே கிளினிக் வைக்கலாம். சம்பளம் குறைவு, மேலே ஏறவும் ஒரு எல்லை உண்டு. ஆனால் 30 வயதுக்குள் அவள் விரும்பிய வேலையைச் செய்துகொண்டிருப்பாள்.

டாக்டர் பட்டம் கூடுதலாகத் தருவது எதை? முதலாவதாக மதிப்பீடு: அறிவுத்திறன் சோதனை, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மூளைக்காயத்துக்குப் பிந்தைய நரம்பு உளவியல் சோதனை. பிறகு ஆராய்ச்சி, பயிற்சியாளர்களுக்கு மேற்பார்வை, மருத்துவமனைகளில் துறைப் பொறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும் சட்ட உரிமையும் டாக்டர் பட்டத்தோடுதான் வருகிறது. சித்தி மகள் ஒரு கோடை முழுக்க ஒரு மதிப்பீட்டு கிளினிக்கில் உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். ஒரு பையன் கட்டைகளை அடுக்கிய விதத்திலிருந்தே அவனுக்கு எது எளிது எது கடினம் என்று உளவியலாளர் கண்டுபிடித்ததைப் பத்து நிமிடம் விடாமல் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு முதுகலைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கவுன்சலிங் சைக்காலஜி பிஎச்.டி.யையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். உரிமம் அதேதான், இன்டர்ன்ஷிப்களும் பெரும்பாலும் அவையேதான். பெயர் வேறு என்பதற்காகவே பலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

காத்திருப்பதன் விலை

ஆக அவள் முன் உண்மையில் நின்ற தேர்வு: இந்த ஆண்டே கடனோடு சை.டி., அல்லது ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பம்.

நான் முதல் முறை 14 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு நேர்காணல்கூட வரவில்லை. மனிதர்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசையையும், எங்கள் வீட்டில் ஒருவர் பட்ட துன்பத்தையும் இரண்டு பக்கம் உருக்கமாக எழுதியிருந்தேன். படித்த பேராசிரியருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? இந்தப் பெண் தன் ஆய்வகத்தில் என்ன செய்வாள் என்பது தெரியாது. பிஎச்.டி. சேர்க்கை என்பது ஒரு பல்கலைக்கழகம் உங்களை எடுப்பதைவிட, ஒரு பேராசிரியர் உங்களோடு ஆறு வருடம் வேலை செய்யச் சம்மதிப்பதற்கு நெருக்கமானது. அவர் அந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்பதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

அடுத்த விண்ணப்பத்துக்கு முன் ஒரு மனச்சோர்வு ஆய்வகத்தில் ரிசர்ச் கோஆர்டினேட்டராக வேலை செய்தேன். ரெட்கேப் என்ற ஆய்வு மென்பொருளில் தரவு ஏற்றுவது, ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கான ஐ.ஆர்.பி. படிவங்களைத் திருத்துவது, பங்கேற்பாளர்களை போனில் விரட்டிப் பிடிப்பது என்று ஆரம்பம். ஆறு மாதத்தில் நோயறி நேர்காணல்களை நானே நடத்தப் பழகினேன். தூக்கம் பற்றிய ஒரு சிறு கேள்வி அந்தத் தரவிலேயே எனக்குத் தோன்றியது. அதை ஒரு மாநாட்டுப் போஸ்டராக்கினேன். மறுமுறை எழுதிய கட்டுரையில் அந்தக் கேள்விதான் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அதில் ஆர்வமுள்ள பேராசிரியரின் பெயரும் இருந்தது. மூன்று நேர்காணல், ஓர் இடம். என்னை மாற்றியது மதிப்பெண் அல்ல. தினமும் என்னைப் பார்த்த ஒருவர் எழுதிய பரிந்துரைக் கடிதமும், நானாகக் கேட்ட ஒரு கேள்வியும்தான். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல திட்டங்கள் 2020-க்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டன. அதற்காக ஓர் ஆண்டைச் செலவிடாதீர்கள்.

காத்திருப்பிலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. 2025-ல் கூட்டரசு ஆராய்ச்சி நிதி தடுமாறியபோது சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. ஆய்வக வேலைகளும் அதே நிதியைத்தான் நம்பியிருக்கின்றன. அடுத்த ஆண்டு கதவு இன்னும் குறுகலாக இருக்கலாம். அதனால்தான் சும்மா காத்திருக்காமல் சம்பளத்தோடு, கற்றுக்கொண்டே காத்திருக்கச் சொல்கிறேன்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கறாரானது. உங்களுக்குக் கூட்டரசுக் கடன் இல்லை. மாணவர்களுக்கான தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வு உதவித்தொகைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டுமே. படைவீரர் துறை இந்த நாட்டில் மிக அதிகமான உளவியலாளர்களுக்குப் பயிற்சி தருவது. அதன் இன்டர்ன்ஷிப்புக்குக் குடியுரிமை வேண்டும். நான் இன்டர்ன்ஷிப் தேடியபோது நல்ல இடங்கள் பலவற்றை இந்த ஒரு வரிக்காகவே அடித்துவிட வேண்டியிருந்தது. நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்: உங்கள் திட்டத்தில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் போனார்கள்? படிப்புக்குப் பின் வேலை செய்ய மாணவர் விசாவில் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி ஓராண்டுதான். உங்கள் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் பதிவாகியிருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு நீளும். ஆய்வக வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிக்கும் திட்டம் இருந்தால் அந்த வகைப்பாட்டு எண்ணை இப்போதே பல்கலைக்கழகத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 பற்றியும் ஒரு வார்த்தை. நிதி உதவியோடு வரும் அழைப்புக்கு அந்த நாளுக்கு முன் பதில் சொல்ல வற்புறுத்தக் கூடாது என்று பெரும்பாலான பட்டமேற்படிப்புப் பள்ளிகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. காத்திருப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் நகரும். அந்தப் பேராசிரியருக்கு, இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன் என்று மட்டும் சுருக்கமாக எழுதச் சொன்னேன். எழுதினாள்.

இடம் நகரவில்லை. 15-ம் தேதி மதியம் சை.டி. பள்ளிக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அழுதிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் ஆட்டிசம் ஆய்வில் கோஆர்டினேட்டராகச் சேர்ந்தாள். போன வாரம் டிசம்பர் விண்ணப்பத்துக்கான பட்டியலை அனுப்பியிருக்கிறாள். ஒன்பது இடங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பேராசிரியரின் பெயர், அங்கீகார இன்டர்ன்ஷிப் சதவீதம், நான்கு ஆண்டுக் கட்டணம். கட்டணக் கட்டத்தில் ஒன்பதிலும் பூஜ்யம். அவற்றில் இரண்டு, சை.டி.